ஓட்டிலிருந்து பூச்சுக்கு: மருத்துவக் கருவிகளில் கிருமித்தடுப்பும் அதைச் சொல்லும் தமிழும்



மொழியியல் படித்து, மொழியியலே கற்பித்து, ஓய்வும் பெற்றுவிட்ட நாம் மருத்துவக் கருவிகளின் மேற்பூச்சைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். வேதியியலில் நமக்குப் பட்டம் இல்லை, மருத்துவத்திலும் இல்லை. ஆயினும், இத்துறையில் வழங்கும் சில தமிழ்ச் சொற்கள் நோயாளியின் படுக்கையருகே என்ன செய்கின்றன என்பதைக் கண்ணால் கண்டோம். அதுவே இவ்வுரைக்குக் காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், உறவினர் ஒருவரைக் காண மருத்துவமனைக்குச் சென்றிருந்தோம். பக்கத்துப் படுக்கையில் எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர் இருந்தார். அவருக்குச் சிறுநீர் வடிகுழாய் பொருத்தியிருந்தார்கள். அதன் வழியே நோய்த்தொற்றும் உண்டாகியிருந்தது. பரிசோதனை முடிவை அவருக்கு விளக்க வந்தவர் தமிழறிந்த ஓர் இளைஞர். நல்ல மனத்தோடுதான் பேசினார். "ஐயா, உங்களுக்கு மருந்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கு" என்றார். முதியவரின் முகம் மலர்ந்தது. "எதிர்ப்புச் சக்தி வந்துட்டா நல்லதுதானே தம்பி! அப்போ மருந்தை நிறுத்திடலாமா?" என்று கேட்டார்.

இளைஞர் திகைத்து நின்றார். அவர் சொல்ல வந்தது, முதியவரின் உடலில் இருந்த கிருமி அம்மருந்துக்குக் கட்டுப்படவில்லை என்பது. முதியவர் புரிந்துகொண்டதோ, தம் உடலுக்கு நோயை எதிர்க்கும் ஆற்றல் வந்துவிட்டது என்பது. ஒரே சொற்றொடர், நேர்மாறான இரண்டு பொருள்கள். அன்று நாம் குறுக்கிட்டு, "ஐயா, சக்தி வந்தது உங்களுக்கு இல்லை, கிருமிக்கு" என்று சொன்னோம். அவர் முகம் வாடியது. ஆனால் மருந்தை நிறுத்தும் எண்ணம் நீங்கியது.

இந்நிகழ்ச்சியை மனத்தில் நிறுத்திக்கொண்டு, முதலில் பொருளைப் பார்ப்போம். பின்னர்ச் சொல்லுக்கு வருவோம். பொருள் விளங்காமல் சொல்லாக்கத்தில் இறங்குவது நம்மவரிடையே நெடுநாளாக உள்ள ஒரு குறை.

பரப்பைப் பிடிக்கும் போட்டி

வடிகுழாய், செயற்கை மூட்டு, இதயமுடுக்கி, செயற்கை இதய வால்வு, எலும்பை இணைக்கும் திருகாணி ஆகியவை உயிர்காக்கும் கருவிகள். ஆனால் உடலுக்கு இவை அயற்பொருள்கள். உயிருள்ள திசுவுக்குக் குருதியோட்டம் உண்டு. கிருமி வந்தால் வெள்ளணுக்கள் அங்கே விரையும். சிலிக்கோன் குழாய்க்கும் டைட்டேனிய உலோகத்துக்கும் அத்தகைய காவல் இல்லை. எனவே, நல்ல திசுவின் மேல் வாழ முடியாத சிறு எண்ணிக்கையிலான பாக்டீரியாக்கூட, இக்கருவிகளின் மேல் குடியேறிவிடுகிறது. நம் தோலின் மேல் தீங்கின்றி வாழும் ஸ்டஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியாவே கருவித் தொற்றுகளில் அடிக்கடி அகப்படுவது இதற்குச் சான்று.

அந்தோனி கிரிஸ்டினா என்ற அமெரிக்க எலும்பியல் மருத்துவர் 1987இல் இதை ஒரு போட்டியாக விளக்கினார். கருவி உடலுக்குள் வைக்கப்பட்ட நொடியிலிருந்து அதன் பரப்பைப் பிடிப்பதற்கு உடலின் செல்களும் பாக்டீரியாவும் போட்டியிடுகின்றன. செல்கள் முந்தினால் கருவி உடலோடு பொருந்திவிடும். பாக்டீரியா முந்தினால், பின்னர் அவற்றை அங்கிருந்து எழுப்புவது அரிது.

ஏன் அரிது? ஒட்டிய பாக்டீரியா தனித்தனியாக இருப்பதில்லை. தம்மைச் சுற்றிச் சர்க்கரைப் பொருள்களாலும் புரதங்களாலும் ஆன ஒரு கொழகொழப்பான உறையைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக வாழ்கின்றன. இதனை உயிரிப்படலம் என்கிறோம். இது புதுமையான ஒன்றன்று. காலையில் பல் துலக்கும்போது நாம் அகற்றும் பற்படலமும் உயிரிப்படலமே. லேவன்ஹூக் 1683இல் தம் பற்களிலிருந்து சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் கண்டவை அப்படலத்தில் வாழ்ந்த உயிர்களே. எனினும், பாக்டீரியா பெரும்பாலும் இவ்வாறு ஒட்டியே வாழ்கின்றன என்ற கருத்தை 1978இல் பலரும் அறியச் செய்தவர் கனடா நாட்டின் பில் காஸ்டர்டன். படலத்துக்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, தனித்து மிதக்கும் பாக்டீரியாவுக்குத் தேவைப்படுவதைப்போலப் பத்து முதல் ஆயிரம் மடங்கு வரை மருந்து தேவைப்படலாம். அவ்வளவு மருந்தை மனித உடல் தாங்காது. ஆகவே பல நேரங்களில் கருவியையே கழற்ற வேண்டியதாகிறது. வடிகுழாய் எனில் மாற்றிவிடலாம். இடுப்பில் பதித்த செயற்கை மூட்டு எனில் மீண்டும் ஓர் அறுவை சிகிச்சை.

வடிகுழாயைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. அது உடலில் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா தோன்றும் வாய்ப்பு 3 முதல் 7 விழுக்காடு. ஒரு மாதம் இருந்தால் ஏறக்குறைய அனைவருக்கும் அது நேர்கிறது. வந்த பின் மருந்து கொடுப்பதைக் காட்டிலும், ஒட்டுவதற்கு முன்பே தடுப்பது மேல் என்ற எண்ணம் இதிலிருந்தே பிறந்தது. அந்த எண்ணத்தின் விளைவுதான் கிருமித்தடுப்பு மேற்பூச்சு.

ஓடு தந்த பொருள்

மேற்பூச்சுக்குப் பயன்படும் பொருள்கள் பல. வெள்ளி உண்டு; மருந்து கலந்த பூச்சுகள் உண்டு. அவற்றுள் நாம் இன்று எடுத்துக்கொண்டது கைட்டோசான். தேக்கா ஈரச்சந்தையில் இறால் உரித்த பின் குவியும் ஓடுகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவ்வோட்டில் மூன்று பொருள்கள் முதன்மையானவை: சுண்ணாம்புச் சத்து, புரதம், கைட்டின். ஓட்டை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் சுண்ணாம்புச் சத்து கரையும். நீர்த்த எரிசோடாக் கரைசலில் இட்டால் புரதம் நீங்கும். எஞ்சுவது கைட்டின். அதனைச் செறிவுமிக்க எரிசோடாக் கரைசலில் சூடாக்கினால், அதன் மூலக்கூறுகளில் உள்ள அசெட்டைல் தொகுதிகளுள் பெரும்பாலானவை கழன்றுவிடும். அப்போது கிடைப்பது கைட்டோசான்.

இப்பெயர்களின் வரலாறு மொழி மாணவர்க்குச் சுவையானது. 1811இல் பிரெஞ்சு அறிஞர் ஆன்றி பிராக்கோனோ இப்பொருளை முதலில் பிரித்தெடுத்தது காளானிலிருந்து. 1823இல் ஒடியே என்பவர் பூச்சிகளின் மேலோட்டிலும் அதனைக் கண்டு, கைட்டின் எனப் பெயரிட்டார். பண்டைக் கிரேக்கர் உடலில் அணிந்த அங்கிக்கு வழங்கிய சொல்லே அப்பெயருக்கு வேர். 1859இல் ரூழே என்பவர் கைட்டினைக் காரத்தில் கொதிக்கவைத்து, அமிலத்தில் கரையும் புதுப்பொருளைப் பெற்றார். 1894இல் ஜெர்மானிய அறிஞர் ஹோப்பே-சைலர் அதற்குக் கைட்டோசான் என்ற பெயரைச் சூட்டினார்.

அங்கி என்னும் பொருளுடைய வேர்ச்சொல் என்றவுடன், நம் இலக்கிய மனம் ஒன்றை நினைக்கும். முல்லைப்பாட்டில் யவனர் அணிந்த சட்டைக்கு மெய்ப்பை என்ற சொல் வருகிறது. கைட்டினை மெய்ப்பைப்பொருள் என்று சொன்னால் என்ன என்ற ஆசை எழலாம். வேண்டா என்பதே நம் கருத்து. கைட்டின், கைட்டோசான், டைட்டேனியம் ஆகியவை ஒரு பொருளுக்கு உலகம் இட்ட பெயர்கள். அவற்றை ஒலிபெயர்த்து, எல்லா நூல்களிலும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதினால் போதும். தமிழாக்கத்தில் நம் உழைப்பு செல்ல வேண்டிய இடம் வேறு: அப்பொருள் என்ன செய்கிறது என்பதைச் சொல்லும் வினைகளில்தான் அது செல்ல வேண்டும். நோயாளிக்கு வேண்டியது பெயரன்று, வினை.

பூச்சு எவ்வாறு வேலை செய்கிறது?

அசெட்டைல் தொகுதி கழன்ற இடங்களில் கைட்டோசானுக்கு அமினோ தொகுதிகள் வெளிப்படுகின்றன. அமிலத்தன்மை உள்ள சூழலில் அவை நேர்மின்னூட்டம் பெறுகின்றன. பாக்டீரியாவின் புறப்பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. இரண்டும் ஈர்க்கப்பட்டுப் பிணையும்போது பாக்டீரியாவின் சவ்வு குலைகிறது, உள்ளிருக்கும் பொருள்கள் கசிகின்றன, பாக்டீரியா மடிகிறது. ஒரு குறிப்பிட்ட நொதியைத் தேடிப் பூட்டும் மருந்தைப் போன்றதன்று இது. சவ்வு முழுவதையும் தாக்குவதால், பாக்டீரியா இதற்கு எளிதில் தப்ப இயலாது என்று எதிர்பார்க்கின்றனர்.

ஆனால் இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. அமினோ தொகுதிகள் நேர்மின்னூட்டத்தோடு இருப்பது, பிஎச் அளவு ஏறக்குறைய 6.5க்குக் கீழே இருக்கும்போதுதான். நம் குருதியின் பிஎச் அளவு 7.4. ஆகவே ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் நன்றாக வேலை செய்த கைட்டோசான், உடலுக்குள் தன் ஆற்றலில் பெரும்பங்கை இழக்கக்கூடும். இதனை வெல்ல, எந்தச் சூழலிலும் நேர்மின்னூட்டம் நீங்காதவாறு கைட்டோசானின் அமைப்பை வேதியியல் முறையில் மாற்றுகிறார்கள்.

இத்துறையில் நம் தீவுக்கும் இடம் உண்டு என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள், அவ்வாறு மாற்றியமைத்த கைட்டோசானால் ஆன நீர்க்கூழ்மப் பூச்சு ஒன்றை 2011இல் நேச்சர் மெட்டீரியல்ஸ் இதழில் விவரித்தனர். அக்கூழ்மம் பஞ்சுபோல நுண்துளைகள் கொண்டது. எதிர்மின்னூட்டமுள்ள பாக்டீரியச் சவ்வின் பகுதிகளை அது தன் துளைகளுக்குள் உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் ஏறத்தாழ அதே காலத்தில், டைட்டேனியப் பரப்பில் கைட்டோசான் வழிப்பொருளைப் பிணைத்து, பாக்டீரியா ஒட்டுவதைக் குறைத்தும் எலும்புச் செல்கள் பொருந்துவதற்கு வழிசெய்தும் ஆய்வுகள் நடந்தன. கிரிஸ்டினா சொன்ன போட்டியில், ஒரு தரப்பைத் தடுத்து மறுதரப்பை முந்தவிடும் முயற்சி அது.

பூச்சை ஏற்றும் முறைகளும் பல. கரைசலில் தோய்த்து எடுப்பது எளிய முறை. நேர்மின்னூட்டமுள்ள கைட்டோசானையும் எதிர்மின்னூட்டமுள்ள வேறொரு பொருளையும் மாற்றி மாற்றி அடுக்குவது மற்றொரு முறை. உலோகமாயின் மின்புலத்தால் படியவைக்கலாம். சிலிக்கோன் போன்ற நீரை விலக்கும் பரப்பில் எதுவும் எளிதில் பற்றாது என்பதால், பரப்பை முதலில் பக்குவப்படுத்திய பின்னரே பூச வேண்டும். வீட்டுச் சுவருக்கு வண்ணம் அடிப்பவருக்கும் இது தெரியும்: சுவர் சீராக இல்லாவிட்டால் பூச்சு உரியும்.

பூச்சின் எல்லைகள்

நாம் இதனை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்லிவிட்டுப் போவது முறையன்று. கைட்டோசான் மருத்துவத்தில் ஏற்கெனவே பயன்படும் இடம் உண்டு. குருதிப்போக்கை நிறுத்தும் காயக்கட்டுகளில் அது இருபதாண்டுகளாக வழங்குகிறது. ஆனால் காயத்தின் மேல் சில மணிநேரம் இருப்பதும், உடலுக்குள் பல்லாண்டு இருப்பதும் ஒன்றாகா. தொட்ட பாக்டீரியாவைக் கொல்லும் பரப்பின் மேல், இறந்த பாக்டீரியாவும் குருதியின் புரதங்களும் படிந்துவிட்டால், பின்வரும் பாக்டீரியாவுக்கு அதுவே பாய் விரித்ததுபோலாகிவிடும். கைட்டோசான் இயற்கைப்பொருள் ஆதலால், ஓட்டுக்கு ஓடு, தயாரிப்புக்குத் தயாரிப்பு அதன் மூலக்கூற்று நீளமும் தூய்மையும் மாறுபடும். இறால், நண்டு ஒவ்வாதவர்களுக்கு ஊறு விளையுமா என்ற கேள்வியும் நேர்மையானது. ஒவ்வாமைக்குப் பெரிதும் காரணம் அவ்வுயிர்களின் புரதமே அன்றிக் கைட்டின் அன்று. எனினும் புரதம் முற்றும் நீங்கியதா என்பதை உறுதிசெய்ய வேண்டும். காளானிலிருந்து கைட்டோசான் எடுக்கும் வழியும் இன்று உள்ளது. பிராக்கோனோ தொடங்கிய இடத்துக்கே அறிவியல் திரும்பியிருக்கிறது.

வெள்ளிப் பூச்சின் வரலாறு நமக்கு ஒரு பாடம். வெள்ளி கலந்த பூச்சுடைய சிறுநீர் வடிகுழாய்கள் ஆய்வுக்கூடத்தில் நல்ல பயன் தந்தன, விற்பனைக்கும் வந்தன. பின்னர் பிரிட்டனில் 24 மருத்துவமனைகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய பெரிய ஆய்வு 2012இல் த லான்செட் இதழில் வெளிவந்தது. குறுகிய காலம் வடிகுழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு, வெள்ளிப் பூச்சினால் நோய்க்குறிகளுடன் கூடிய சிறுநீர்த் தொற்று குறையவில்லை என்பது அதன் முடிவு. கிண்ணத்தில் மெய்ப்பிக்கப்பட்டது வேறு. படுக்கையில் மெய்ப்பிக்கப்பட்டது வேறு. கைட்டோசான் பூச்சும் அந்தத் தேர்வை எழுதித் தேற வேண்டும்.

சொல்லுக்கு வருவோம்

இனி நம் துறைக்கு வருகிறோம். நாம் படித்த தமிழ்க் கட்டுரைகளில் இப்பூச்சுகளைக் குறிக்க, கிருமிநாசினிப் பூச்சு, கிருமியற்ற பூச்சு, நுண்ணுயிர் எதிர்ப்புப் பூச்சு, நுண்ணுயிர்க்கொல்லிப் பூச்சு எனப் பலவும் வழங்குகின்றன. எழுதியவர்கள் இவற்றை ஒருபொருட் பன்மொழியாகக் கருதுகின்றனர். அவை ஒருபொருளன அல்ல.

வீட்டில் கொசுவை எண்ணிப் பாருங்கள். டெங்கி பரவும் நாட்டில் வாழும் நமக்கு இது நன்கு தெரியும். கொசுவலை கொசுவை நெருங்கவிடாது, ஆனால் கொல்லாது. கொசுவிரட்டி அதனை அகற்றும். கொசுக்கொல்லி அதனைக் கொல்லும். மூன்று சொற்களையும் எந்தப் பாட்டியும் குழப்பிக்கொள்வதில்லை. காரணம், ஒவ்வொன்றும் தன் வேலையைத் தன் பெயரிலேயே சொல்கிறது. வினையோடு இகரம் சேர்ந்து, செய்யும் பொருளைக் குறிக்கும் பெயராவது தமிழின் எளிய ஆக்கமுறை. அதே முறை பூச்சுகளுக்கும் போதும். பாக்டீரியாவை ஒட்டவிடாத பூச்சு ஒட்டுதடுப்பிப் பூச்சு. தொட்டவுடன் கொல்வது தொடுகொல்லிப் பூச்சு. உள்ளடக்கிய மருந்தைச் சிறிது சிறிதாக வெளிவிடுவது மருந்துவிடு பூச்சு. மூன்றையும் பொதுவாகச் சுட்ட, கிருமித்தடுப்புப் பூச்சு. கைட்டோசான் பூச்சு எவ்வகை என்று கேட்டால், அதன் அமைப்பைப் பொறுத்து மூன்றிலும் அது இடம்பெறும் என்று தெளிவாகச் சொல்ல இயலும்.

கிருமியற்ற பூச்சு என்ற வழக்கை மட்டும் அறவே விட வேண்டும் என்போம். கிருமி முற்றும் நீக்கப்பட்ட நிலை வேறு. கிருமி சேர்வதைக் குறைக்கும் தன்மை வேறு. குழாயைக் கிருமியற்றது என்று கேள்விப்பட்ட ஒரு மகளோ பணிப்பெண்ணோ, அதனைத் தொடும் முன் கைகழுவத் தேவையில்லை என்று எண்ணிவிட்டால், பூச்சு தந்த பயனைச் சொல் பறித்துவிடும்.

எதிர்ப்பு யாருடையது?

இனி அம்முதியவரிடம் திரும்புவோம். தமிழில் நுண்ணுயிர் எதிர்ப்பி என்பது மருந்து. நோய் எதிர்ப்புச் சக்தி என்பது உடலின் ஆற்றல். மருந்து எதிர்ப்பு என்பது கிருமியின் ஆற்றல். நண்பனுக்கும் பகைவனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறோம்.

இந்த மயக்கத்தை நம் இலக்கணிகள் அறியாதவர் அல்லர். உருபு மறைந்த தொகைச்சொற்கள் இரண்டு முதல் ஏழு பொருள் வரை மயங்கும் என்று நன்னூலார் வரையறுத்தார். தெய்வ வணக்கம் என்பது தெய்வத்தை வணங்குதலாகவும் தெய்வத்துக்கு வணங்குதலாகவும் விரியும் என்பது உரைகளில் வரும் எடுத்துக்காட்டு. மருந்து எதிர்ப்பு என்பதையும் அவ்வாறே விரித்துப் பாருங்கள். மருந்தை எதிர்த்தல், மருந்தால் எதிர்த்தல், மருந்தினது எதிர்ப்பு. முதற்பொருளில் எதிர்ப்பது கிருமி. இரண்டாவதில் எதிர்ப்பது உடல். மூன்றாவதில் எதிர்ப்பது மருந்து. தெய்வ வணக்கத்தில் எப்படி விரித்தாலும் இழப்பு இல்லை. இங்கே பிழையாக விரித்தால் ஒருவர் மருந்தை நிறுத்திவிடுவார்.

ஆகவே நாம் முன்வைக்கும் நெறி எளியது. துறை நூலில் தொகை இருக்கலாம். நோயாளியின் முன் தொகையை விரித்துச் சொல்ல வேண்டும். "இந்தக் கிருமி இந்த மருந்துக்கு அடங்கவில்லை, வேறு மருந்து தரப் போகிறோம்" என்றால் எழுத்தறியாதவருக்கும் விளங்கும். மருந்துக்கு அடங்காமை என்ற தொடரில் உருபு வெளிப்பட நிற்கிறது. அடங்காதது யார் என்ற ஐயம் எழுவதில்லை; அது நல்ல செய்தியன்று என்பதும் சொல்லிலேயே தெரிகிறது.

இது சிறிய செய்தி அன்று. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாவால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 1.27 மில்லியன் பேர் நேரடியாக உயிரிழந்தனர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கைட்டோசான் போன்ற பூச்சுகளை அறிவியலார் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தொற்றே வராமல் தடுத்தால் மருந்தின் தேவை குறையும். மருந்து குறைந்தால் அடங்காத கிருமிகள் பெருகும் வேகமும் குறையும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும்

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். வேற்றுமைத்தொகையைக் கற்பிக்கும்போது, வழக்கமான எடுத்துக்காட்டுகளோடு மருந்துச்சீட்டிலும் மருத்துவமனைத் துண்டறிக்கையிலும் வரும் தொகைகளையும் கொடுத்து விரிக்கச் சொல்லுங்கள். நோய்த்தடுப்பு, வலிநீக்கி, மருந்து எதிர்ப்பு, கிருமிநீக்கம் ஆகியவற்றுள் எது எத்தனை பொருள்படும் என்று அவர்களே காணட்டும். தேர்வில் இரண்டு மதிப்பெண் பெறுவதற்கு மட்டும் உரியது இலக்கணம் என்ற எண்ணம் அவ்வகுப்போடு தீரும்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவம் படிக்கப் போகிறீர்கள். சிலர் தாதியராகப் போகிறீர்கள். ஆய்வுக்கட்டுரையை நீங்கள் ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒருநாள், எழுபது வயதுத் தமிழர் ஒருவர் உங்கள்முன் படுத்திருப்பார். தம் உடலுக்குள் வைத்த குழாயைப் பற்றியும் அதன் மேல் பூசிய பொருளைப் பற்றியும் அவர் தமிழில் கேட்பார். அவருக்கு நீங்கள் சொல்லும் விடையில் எதிர்ப்பது யார், எதிர்க்கப்படுவது எது என்பது ஐயமின்றி விளங்க வேண்டும். அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் இருக்கின்றன. அவற்றை விரித்துச் சொல்லும் பொறுமை மட்டும் உங்களிடம் இருக்கட்டும்.